பூட்டிக்கு முந்தினவள்

ராஜேந்திர சோழனின் வம்சாவளி சூரியனில் தொடங்குகிறது. அவனுடைய ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அப்படித்தான் சொல்கின்றன. 1905இல் கிடைத்த அந்த 31 ஏடுகளில், சூரியனுக்குப் பிறகு மனு, இக்ஷ்வாகு, சிபி என்று பேர்கள் இறங்கிவந்து, கரிகாலனைத் தொட்டு, விஜயாலயன் வழியாக ராஜராஜனிடம் சேர்கின்றன. இவர்களில் எத்தனை பேர் வாழ்ந்தவர்கள், எத்தனை பேர் அவைப் புலவரின் கைவரிசை என்பது வேறு விசாரணை. ராஜாவுக்கு வம்சம் தேவைப்பட்டது, எழுதுவித்துக்கொண்டான். செம்பில் வெட்டியதால் ஆயிரம் வருஷம் நின்றுவிட்டது.

அந்த ராஜேந்திரன் தலைநகராக்கிய கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்து ஊர் மீன்சுருட்டி. சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற பஸ் சேத்தியாத்தோப்பைத் தாண்டி, அணைக்கரை வருவதற்கு முன்னால் இங்கே நிற்கும். இந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வம்சத்தைக் கேட்டுப் பாருங்கள். அப்பா பேர் வரும். தாத்தா பேர் வரும். பூட்டன் பேர் கொஞ்சம் தயங்கி வரும். அதற்கும் மேலே கேட்டால் குலதெய்வத்தின் பேர்தான் வரும். பூட்டனுக்கும் தெய்வத்துக்கும் நடுவில் எத்தனையோ பேர் உழுதார்கள், பெற்றார்கள், செத்தார்கள். அவர்கள் யாருக்கும் பேர் இல்லை.

அந்த நடுவெளியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டியை எடுத்துக்கொள்வோம். 1850ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். தாது வருஷப் பஞ்சம் வந்தபோது இருபத்தைந்து, முப்பது வயது இருக்கும். இன்று அறுபது வயதில் இருக்கும் ஒருவருக்கு அவர்கள் பூட்டனைப் பெற்றவர்கள். அவர்களைப் பற்றி இன்று என்ன தெரிந்துகொள்ள முடியும், யார் எழுதிவைத்ததிலிருந்து தெரிந்துகொள்ள முடியும் என்பதுதான் கேள்வி. வெறும் ஆர்வக் கேள்வி மாதிரித் தோன்றும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் எதிர்பார்க்காத இடத்தில் கொண்டுபோய் விடுகிறது.

ஆடி அமாவாசையன்று கொள்ளிடக் கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்க உட்கார்ந்தவர்களிடம் சாஸ்திரிகள் பேர் கேட்பார். அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா. அம்மா, பாட்டி, பூட்டி. ஆண்கள் பக்கம் ஓரளவு ஓடும். பெண்கள் பக்கம் பாட்டியோடு நின்றுவிடும். பேர் தெரியாவிட்டால் அவரே ஒரு பொதுப் பேரைச் சொல்லிக்கொடுத்து மேலே போய்விடுவார். வரிசையில் பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள். மூன்றுக்கு மேல் அவர் கேட்பதே இல்லை. நான்காமவர் பிதுர்க்களின் பொதுக்கூட்டத்தில் கலந்துவிடுகிறார்.

சாஸ்திரம்தான் மூன்றில் நிற்கிறது என்று நினைத்தால், சட்டமும் அங்கேயே நிற்கிறது. இந்திய வம்சாவளியினருக்கு வெளிநாட்டு இந்தியர் அட்டை தருவதற்கான பொதுவிதி கொள்ளுப்பேரனோடு முடிகிறது. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இன்னும் கறாரானது. இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது. அப்பா அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும் அவருக்கு அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவனிடம் பூட்டனின் பிறப்புச் சான்றைக் கேட்டார்கள். கங்காணிக்குப் பின்னால் கூட்டமாக நடந்து போனவர்களுக்கு ஏது சான்று? லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கு பிரித்தார்கள். நமக்குப் பூட்டன் பேர் மறந்தால் அமாவாசையன்று கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அவர்களுக்கு ஊர் போனது, வீடு போனது, ஓட்டுரிமை போனது.

மூன்று தலைமுறை என்பது ஞாபகத்தின் இயல்பான எல்லையாக இருக்கலாம். பேரனை மடியில் வைத்துக் கதை சொல்கிற கிழவர் தன் தாத்தாவைப் பார்த்திருப்பார். அதற்கு மேல் சொல்லக் கேட்டதுதான். அதற்கும் மேலே போக வேண்டுமானால் காகிதம் வேண்டும். மீன்சுருட்டிக்குக் காகிதம் இல்லாமல் இல்லை.

முதலில் ஊரின் முகவரியே ஒரு வம்சாவளி. இன்று அரியலூர் மாவட்டம், உடையார்பாளையம் வட்டம். 1995க்கு முன்னால் திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர். 2001இல் அரியலூர். அடுத்த வருஷமே திரும்பவும் பெரம்பலூர். 2007இல் மறுபடி அரியலூர். ஒரே வீட்டில் அண்ணன் தம்பிகளின் பள்ளிச் சான்றிதழ்களில் மாவட்டம் மாறியிருக்கும். தாலுகா பேரும் பத்திரமாக இருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டில் கர்நாடகப் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம் உடையார்பாளையத்தை 'வாரியூர்ப் பொல்லம்' என்று எழுதிவைத்தார். இந்தப் பேரை ஒரு வெள்ளைக்காரர் காதால் கேட்டு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இது முன்மாதிரி. பிறகு வந்த குமாஸ்தாக்களும் அவரவர் காதுக்கு ஏற்றபடிதான் எழுதினார்கள்.

அடுத்தது நிலத்தின் காகிதங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், ஏ பதிவேடு. 1980இல் எம்.ஜி.ஆர். கர்ணம் முறையை ஒழித்தபோது கர்ணங்கள் வீட்டுப் பரணில் இருந்த கட்டுகள் பல திசைக்குப் போயின. இருந்தாலும் தாலுகா ஆபீஸிலும் பதிவாளர் ஆபீஸிலும் பழைய ஏடுகள் இருக்கின்றன. ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை விரித்தால், 'திருச்சினாப்பள்ளி ஜில்லா உடையார்பாளையம் தாலுகா' என்று தொடங்கி, கிராமத்தைச் சொல்லி, இன்னார் குமாரர் இன்னார், ஜீவனம் விவசாயம் என்று போகும். நான்கெல்லை துல்லியமாக இருக்கும்: இன்னார் புஞ்சைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு. மாமரம் எத்தனை, கிணற்றில் பங்கு எத்தனை, ஏற்றம் இறைக்கும் முறை யாருக்கு எந்த நாள் எல்லாம் இருக்கும். பங்கு பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளின் அம்மா இருக்க மாட்டாள். இருந்தால், அவள் உயிரோடு இருக்கும்வரை வருஷத்துக்கு இத்தனை கலம் நெல் என்று ஒரு வரியில் ஜீவனாம்சமாக இருப்பாள்.

மகள்கள் இந்தக் காகிதங்களில் ஏறியது வெகு பின்னால். 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு தந்தது; 2005இல் நாடு முழுக்க வந்தது. அதன் பிறகு அக்காள் தங்கைகளின் பேரும் கைரேகையும் பதிவாளர் ஆபீஸில் அதிகமாகத் தெரிய ஆரம்பித்தன. பாதிக்கு மேல் எதற்காக என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: விடுதலைப் பத்திரத்துக்காக. பங்கு இருக்கிறது என்று சட்டம் சொன்னதால், அதை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்தேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

குடும்ப மரத்தை ஊரே சேர்ந்து வரைகிற நாள்களும் உண்டு. 1990களில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு நிலம் எடுத்தபோது வரைந்தார்கள். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையை நான்குவழியாக்க இடம் எடுத்தபோதும் வரைந்தார்கள். செத்துப்போன தாத்தா பேரில் பட்டா இருந்தால் இழப்பீடு வராது. வாரிசுச் சான்று வேண்டும். அப்போது டீக்கடை பெஞ்சில் நோட்டை வைத்துக்கொண்டு, யாருக்கு யார் பிறந்தார், முதல் தாரத்துப் பிள்ளை யார், சின்ன வயதில் செத்தது யார் என்று கோடு போட்டுக்கொண்டே போவார்கள். அந்த மரமும் பட்டாவில் பேர் உள்ளவரிடமிருந்து கீழ்நோக்கித்தான் வளரும். அவருக்கு மேலே யார் என்று தாசில்தார் கேட்பதில்லை.

முந்திரிக் கொல்லையில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் நான் நேராகவே கேட்டேன்: "ஆயா, ஒங்க மாமியாருக்கு மாமியார் பேரு என்ன?"

"பேரை யாரு தம்பி கேட்டாங்க? ஆண்டிமடத்தான்னு சொல்லுவாங்க."

"அப்ப ஒங்க மாமியாரு?"

"அது உள்ளூருதான். கெழவிம்போம்."

"ஒங்கள?"

சிரித்துவிட்டு, தான் பிறந்த ஊரைச் சொன்னார். அந்த ஊர்க்காரி என்றுதான் தன்னை அறுபது வருஷமாக எல்லோரும் கூப்பிடுகிறார்கள் என்றார். ரேஷன் கார்டில் பேர் இருக்கிறது, அதைக் கூப்பிட ஆள் இல்லை.

பிறந்த ஊர் பேராகிவிடுகிறது, பேர் போய்விடுகிறது. ஆண்டிமடத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள் அந்தத் தெருவில் எத்தனை பேரோ. ஒருத்தியை இன்னொருத்தியிடமிருந்து பிரித்துக் காட்டிய ஒன்று காலாவதியாகி, ஊர் மட்டும் மிஞ்சுகிறது. ஆண்களுக்கு நேர்வது வேறு. தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பதால் ராமசாமி மகன் கோவிந்தசாமி, கோவிந்தசாமி மகன் ராமசாமி என்று இரண்டே பேர்கள் நூறு வருஷம் மாறி மாறி வரும். எந்த ராமசாமி என்ற குழப்பம் உண்டு, பேர் போகாது. இந்தப் பக்கத்தில் 1850இல் பிறந்து, இங்கேயே வாக்கப்பட்டு, இங்கேயே செத்த ஒருத்தியின் பேரைக் காகிதத்தில் தேடினால், அநேகமாக எங்கேயும் கிடைக்காது.

இதே தாலுகாவிலிருந்து அதே காலத்தில் ஊரை விட்டுப் போனவளின் கதை வேறு.

1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் நின்றது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஐந்து வருஷக் கூலி ஒப்பந்தத்தில் நேட்டாலுக்கு, பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் கப்பல் பட்டியலில் ஒரு வரி. அந்தப் பட்டியல்கள் இன்று டர்பனில் உள்ள காந்தி–லுதுலி ஆவண மையம் வழியாக யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி இருக்கின்றன.

அந்த ஒரு வரியை இடமிருந்து வலமாகப் படித்துப் பாருங்கள். எண். பேர். தகப்பன் பேர். வயது. ஆணா பெண்ணா. ஜாதி. ஜில்லா: திருச்சினாப்பள்ளி. தாலுகா. கிராமம். உயரம், அடி அங்குலத்தில். கடைசியில் உடம்பில் உள்ள அடையாளம்: முழங்காலில் வடு, நெற்றியில் தழும்பு, கையில் பச்சை என்பது போல. பெண்ணானாலும் இதே கட்டங்கள்தான். புருஷனோடு போனவளுக்கும் தனி எண், தனி வரி. அவள் தகப்பன் பேர், அவள் வயது, அவள் உயரம். ஊரில் தங்கிவிட்ட அவளுடைய தங்கைக்கு என்ன பேர் என்று யாருக்கும் தெரியாது. போனவள் எத்தனை அடி உயரம் என்பது வரை நமக்குத் தெரியும்.

இதை அதிசயம் என்று கொண்டாடிவிட முடியாது. அந்தக் குமாஸ்தாவுக்கு அவள் மேல் அக்கறை ஏதும் இல்லை. வடுவை எழுதியது தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிக்க. கிராமத்தை எழுதியது செத்தால் கணக்கை முடிக்க. பெண்ணைத் தனி வரியில் எழுதியதற்கும் காரணம் உண்டு: 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது ஏற வேண்டும் என்று பல வருஷம் விதி இருந்தது. தலை எண்ணிக் காட்டினால்தான் கப்பல் கிளம்பும். ஆணுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி. பெண்ணுக்கு அதில் பாதி. இந்த விதியின் அவசரத்தில், கப்பலுக்குக் காத்திருந்த டிப்போவில் ஜோடி சேர்ந்தவர்களும் உண்டு. ஆகவே பட்டியலில் புருஷன் பெண்டாட்டி என்று அடுத்தடுத்து நிற்பவர்கள் மீன்சுருட்டிப் பக்கத்திலேயே தாலி கட்டியவர்களாக இருக்கலாம், சென்னைக் கடற்கரையில் ஒருவருக்கொருவர் துணையானவர்களாகவும் இருக்கலாம். ஜாதிக் கட்டத்தில் சொன்னது வாய்க்கு வந்ததாகவும் இருக்கலாம். ஜாதியை மாற்றிச் சொல்ல அந்தக் கப்பல் ஒரு நல்ல சந்தர்ப்பம். அந்தக் கட்டத்தில் எழுதியதே பிறகு பலருக்குக் குடும்பப் பேராக ஒட்டிக்கொண்டது. தென்னார்க்காடு, உடையார்பாளையம் பக்கத்தில் பரவலான 'படையாட்சி' டர்பன் டெலிபோன் டைரக்டரியில் பக்கம் பக்கமாக 'படையாச்சி' என்று நிற்பது அப்படித்தான்.

எழுதிய கை பிறகு வசூலிக்கவும் வந்தது. 1895இல் நேட்டால் ஒரு சட்டம் போட்டது: ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் இருப்பவர் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். பெண்களும் விதிவிலக்கல்ல. 1913 மார்ச்சில் நீதிபதி சியர்ல் கொடுத்த தீர்ப்பு இன்னொரு பக்கம் வெட்டியது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத கல்யாணங்கள் செல்லாது. ஒரே நாளில் பெண்டாட்டிகள் வெறும் பெண்களானார்கள், பிள்ளைகளுக்குச் சட்டப்படி தகப்பன் இல்லாமல் போனான். வம்சாவளியைக் கிளையோடு வெட்டுவது எவ்வளவு சுலபம் என்பது அன்று தெரிந்தது. அதுவரை வீட்டுக்குள் இருந்த பெண்கள் காந்தியின் சத்தியாக்கிரகத்துக்கு வந்ததற்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம். தாயாரோடு போராட்டத்தில் இறங்கிச் சிறையில் காய்ச்சல் கண்டு 1914 பிப்ரவரி 22இல், பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள். அவளுடைய தாயாரின் ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கத்துத் தில்லையாடி. அந்த ஊரில் பிறக்காதவளின் பேரோடு அம்மாவின் ஊர் நிரந்தரமாகச் சேர்ந்துகொண்டது. தாய்வழி ஊர் வரலாற்றில் நின்ற அபூர்வமான இடங்களில் அது ஒன்று. அதற்கு ஒருத்தி சாக வேண்டியிருந்தது. அவள் இறந்த வருஷமே வந்த நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை எடுத்தது, கல்யாணங்களையும் ஏற்றுக்கொண்டது.

'ட்ரூரோ' போய் ஒன்றரை வருஷத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் வேறொரு ஐந்து வருஷ ஏற்பாடு வந்தது. 1862 மே மாதம் அமெரிக்காவில் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டம், ஐந்து வருஷம் தங்கி உழுதால் 160 ஏக்கர் சொந்தம் என்றது. நெப்ராஸ்காவுக்கும் மின்னசோட்டாவுக்கும் வண்டி கட்டிப் போன தம்பதிகளின் வழிவந்தவர்கள் இன்று வம்சாவளி வரைவதில் மன்னர்கள். காரணம் அவர்கள் ஞாபகசக்தி இல்லை. வீட்டு பைபிளில் பிறப்பு, கல்யாணம், சாவு எழுத வெற்றுப் பக்கங்கள் இருந்தன. கல்லறையில் கல் இருந்தது. 1850 முதல் அங்கே குடிக்கணக்கில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பேரும் ஏறியது. இறந்தவர்களுக்கும் ஞானஸ்நானம் உண்டு என்று நம்பும் மோர்மன் சபையார் 1894இல் யூட்டாவில் வம்சாவளிக் கழகமே தொடங்கினார்கள். ஆனால் அதே 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்கு வேறு தாள். வயது இருக்கும், ஆணா பெண்ணா என்று இருக்கும், எஜமானன் பேர் இருக்கும், அவர்கள் பேர் இருக்காது. நிலச் சட்டம் வந்த அதே 1862 டிசம்பரில் மின்னசோட்டாவின் மங்கேட்டோவில் 38 டகோட்டாக்காரர்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள்; அடுத்த வருஷம் அந்த இனத்தையே அங்கிருந்து விரட்டினார்கள். யாரோ ஒருவரின் குடும்ப மரம் முதல் கொப்பு விடுகிற இடத்தில் இன்னொருவருடையது அடியோடு சாய்ந்திருக்கிறது. நேட்டாலின் கரும்புக் காடும் ஜூலுக்களின் மண்தான்.

ஆனாலும் அந்த அமெரிக்கத் தம்பதிகளிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பைபிளின் வெற்றுப் பக்கத்தில் எழுதியது வரி வசூலிக்க வந்தவனோ, கூலி கணக்குப் பார்த்தவனோ இல்லை. வீட்டுக்காரர்களே எழுதினார்கள். செத்த குழந்தையின் பேரும் அதில் இருக்கும். நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவை நோட்டுகள் அல்ல, சடங்குகள். குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடிப் படையல் போடும்போது யார் யார் நம்மவர் என்பது தலைமுறைக்கு ஒருமுறை சரிபார்க்கப்படுகிறது. ஊர் மாறிப் போகிறவர்கள் கோயிலில் பிடிமண் எடுத்துப் போய், போன இடத்தில் சாமி வைத்தார்கள். டர்பனைச் சுற்றி எழும்பிய மாரியம்மன் கோயில்களும் அந்த வழக்கத்தின் நீட்சிதான். தெய்வத்தைக் கொண்டுபோகத் தெரிந்திருந்தது. ஆனால் பங்காளி முறையில் பெண் கல்யாணமானதும் வேறு தெய்வத்துக்குப் போய்விடுகிறாள். பிறந்த வீட்டுக் கணக்கில் அவள் போனவள், புகுந்த வீட்டுக் கணக்கில் வந்தவள். இரண்டு கோயிலிலும் அவள் பேரை யாரும் சொல்வதில்லை.

இப்போது தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரிஷியஸிலிருந்தும் ஐந்தாம், ஆறாம் தலைமுறைக்காரர்கள் ஒரு காகித நகலோடு இந்த ஜில்லாக்களுக்கு வருகிறார்கள். ஊர் பேர் சிதைந்திருக்கும். வாய்விட்டுப் பல மாதிரிச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும். ஊரைக் கண்டுபிடித்தபின் அவர்கள் கேட்பது ஒன்றே: இந்தப் பேர் கொண்டவரின் குடும்பம் இங்கே இருக்கிறதா? ஊர்ப் பெரியவர்கள் அந்தப் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். போனவர்களிடம் பேர் இருக்கிறது, இடம் இல்லை. இருப்பவர்களிடம் இடம் இருக்கிறது, அந்தக் காலத்துப் பேர் இல்லை. இந்த இரண்டு பாதிகள் பொருந்துவது அபூர்வம். வந்தவர் கோயிலில் கற்பூரம் ஏற்றி, ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டு போவார். பாவம், வேரைத் தேடி வந்து வெறுங்கையோடு போகிறார் என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

வெறுங்கை யாருடையது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவர் கையில் இருக்கும் நகலில் 19ஆம் நூற்றாண்டு உடையார்பாளையம் தாலுகாவின் ஒரு பெண் தன் பேரோடும், தன் தகப்பன் பேரோடும், உயரத்தோடும் வடுவோடும் இருக்கிறாள். அப்படி ஒருத்தியை நம் தாலுகா ஆபீஸில் காட்ட முடியாது, பதிவாளர் ஆபீஸில் காட்ட முடியாது, கோயிலில் காட்ட முடியாது. அவளை எழுதியது கூலிக் கப்பலின் குமாஸ்தா என்பது நமக்குப் பெருமை தருவதில்லை. ஆனாலும் எழுதியது அவர் ஒருவர்தான். அந்தப் பட்டியல்களைத் திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு, சேலம் என்று ஜில்லாவாரியாகப் பிரித்து, கிராமப் பேர்களைச் சரிபார்த்து, தமிழில் எழுதிவைத்தால், இந்தப் பக்கத்துச் சாதாரணப் பெண்களின் பேர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் எப்படி இருந்தன என்பதற்கு நமக்கு முதல்முறையாக ஓர் ஏடு கிடைக்கும். வேரைத் தேடி அவர்கள் இங்கே வர வேண்டும் என்றே இதுவரை நினைத்திருக்கிறோம். பூட்டிக்கு முந்தினவளைத் தேடுவதானால் நாம்தான் அவர்களிடம் போக வேண்டியிருக்கும்.